பெயர் ஓடும் நேரம்

படம் தொண்ணூற்றாறு நிமிடம்.
பெயர்கள் மூன்று நிமிடம் பத்துச் செக்கன்.
நான்கு வருடத்தில் என்னைக் கூடுதலாக வதைத்தது
அந்த மூன்று நிமிடம்தான் என்றால்
குகநேசன் கோபிப்பான்.
இயக்குநர்கள் அப்படித்தான்.

பகலில் நான் பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
கண்ணில் உருப்பெருக்கி செருகி
முட்களில் தூசி தேடுபவள்.
செக்கனுக்கு எட்டுத் துடிப்பு, அது சம்பளம்.
செக்கனுக்கு இருபத்தைந்து சட்டகம், இது கடன்.
இரவில் சமையலறை மேசையில்
வெட்டினேன், ஒட்டினேன்.
கடைசியில் பெயர்ப்பட்டியலும் என் தலையில் விழுந்தது.

ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டேன்,
என்னவென்று போட?

சாமத்தியவீடு ஒன்றின் மேல்
ட்ரோன் பறக்கவிட்டபடி கேதீஸ்வரன் சொன்னான்:
"முழுப் பெயரும் போடு, பெரிசாப் போடு.
இனி கலியாண வீட்டில
இதைக் காட்டித்தான் காசு கூட்டிக் கேக்கோணும்."

ஜெயரூபி சூரிச்சில் இருந்தாள்.
தொலைக்காட்சித் தொடரில்
பிணத்தை முதலில் காணும் துப்புரவுப் பெண்.
இரண்டே வசனம்.
அந்த ஒருநாள் கூலி
எங்கள் நாயகிக்கு நான்கு வருடமாக
நாங்கள் கொடுத்த மொத்தத்தைத் தாண்டியது.
"நல்லாக் கத்தினனான்," என்றாள்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"முகம் மட்டும் ஃபோக்கஸில இல்ல."

விளக்குப் பிடித்த ரேத்தோ
தன் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னான்,
தோளில் பச்சை குத்தவாம்.
ரகரமா றகரமா என்று
இரண்டு நாள் உறங்கவில்லை நான்.
கடிகாரத்தைக்கூட கழற்றித் திருத்தலாம்.
தோளை எப்படித் திருத்துவது?

குகநேசன் ஆர்பெர்க் சீனி ஆலையில்.
பீட்கிழங்குப் பருவம் முடியும்வரை இரவு வேலை.
மூன்று தரம் திரும்பி வந்தது மானிய விண்ணப்பம்.
நாலாம் தரம் எழுதாமல்
டாக்ஸியை விற்றான்.
ஏரிக்கரைக் காட்சிகள் எல்லாம் அந்த டாக்ஸிதான்.
இயந்திர இரைச்சலுக்குள் கத்தினான்,
"அடுத்ததுக்கு ஒரு கதை இருக்கு!"
எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

யூட்டைக் கடைசியாக அழைத்தேன்.
"என்ர பெயர் வேண்டாம்."

ஹோட்டல் சமையலறையில் முதுகு பிடித்து
வைத்தியர் ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்த காலம்.
அந்த ஆறு வாரமும்
நீளக்கோலில் மைக்கைத் தூக்கிப் பிடித்து
ஏரிக் குளிரில் நின்றவன் அவன்.
நோவு பொய்யில்லை.
நின்றதும் பொய்யில்லை.
காப்புறுதிப் படிவத்தில்
இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டம் இல்லை.

புனைபெயர் ஏதாவது?
"என்னத்துக்கு? வேற ஆரோ செய்தமாதிரி இருக்கும்."

'ஒலிப்பதிவு' என்று எழுதினேன்.
எதிரே ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் ஞாயிறு, காலை பத்தரை.
மத்தியானம் சிறுவர் படம் இருப்பதால்
அரங்கு பன்னிரண்டரை வரைதான் எங்களுக்கு.
வெளியே மூடுபனி.
உள்ளே அறுபத்து மூன்று பேர்.
பெயர் ஓடத் தொடங்கியதும்
பாதிப்பேர் ஜாக்கெட் தேடினார்கள்,
மீதிப்பேர் கைபேசி தூக்கினார்கள்.
"எழுத்து ஒண்டு விட்டுப்போச்சு!"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
வாசலில் இன்னொருவர் அன்பாகச் சொன்னார்,
அடுத்த காட்சிக்குத் திருத்திவிடுங்கோ.
தலையாட்டினேன்.
அடுத்த காட்சி இருந்தால்தானே.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒன்று.

நாற்பத்தோராவது ஷொட்.
ஜெயரூபி போய்விட்ட பிறகும்
கேமரா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும்.
அங்கே ஒரு மூச்சு கேட்கும்.
பதினோராவது மணித்தியாலத்தில்
கோலைக் கைமாற்றிய ஒருவனின் மூச்சு.
பன்னிரண்டு சட்டகம், அரைச் செக்கன்.
தூசி கண்டால் எடுப்பதுதான் என் தொழில்.
எடுக்கவில்லை.

யூட் நாலாம் வரிசை ஓரத்தில்
மகனை மடியில் கிடத்தி இருந்தான்.
அந்த இடம் வந்தபோது
தூங்கியவனைத் தட்டி எழுப்பினான்.
பையன் கண்ணைக் கசக்கி
"என்னப்பா?" என்று திரையில் தேடினான்.
அங்கே ஏரி மட்டும்தான் இருந்தது.