நண்டு மார்க்

லாங் பஜாரில் ஷட்டரைத் தூக்கியதும்
நான் எண்ணுவது கல்லாவை அல்ல,
காலை.
கட்டிங் பிளேயரின் கழுத்தில்
அடித்த நண்டுக்கு
இந்த லாட்டில் எத்தனை கால் என்று.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் எட்டு இருந்தன,
கொடுக்கு இரண்டு தனி.
இருட்டில் தடவினாலும் ஒவ்வொன்றாய்த் தட்டுப்படும்.
பிறகொரு தீபாவளிச் சரக்கில் ஆறு.
அச்சு தேய்ந்திருக்கும் என்றார் ஜம்புலிங்கம் முதலாளி.
தேய்ந்தால் மாற்ற மாட்டார்களா என்று
நான் கேட்கவில்லை.
அன்றைக்குச் சம்பளத் தேதி.

அதற்கப்புறம் நண்டு ஸ்டிக்கராக வந்தது.
வேலூர் வெயிலில் பசை இளகி
மத்தியானத்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.
நண்டின் குணத்தில்
அது ஒன்றுதான் மிச்சம்.

அட்டையில் மட்டும் ஆயுள் கேரண்டி.
யாருடைய ஆயுள் என்று போடவில்லை.
உடைந்து திரும்புவதைப் போட ஒரு நெய் டின்,
எழுதி வைக்க ஒரு நோட்டு.
பேர், தேதி, எதை வெட்டும்போது.
ஜி.ஐ. கம்பி. ஜி.ஐ. கம்பி. சைக்கிள் போக்ஸ்.
கொட்டாங்கச்சி (இதற்கு மாற்றித் தரவில்லை).
ஜி.ஐ. கம்பி.

பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை.
எட்டுக் கால் நண்டிலும் ரிவெட் இறுகி
மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறியவை உண்டு.
ஆம்பூர் ஷூ கம்பெனி சபியுல்லா
டஜனில் மூன்றைப் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான்
ஒன்பதுக்குப் பணம் எண்ணுவார்.
ஆனால் அந்த ஒன்பது திரும்பி வராது.

கம்பெனி ரெப் வந்தார், மே மாசத்தில், டை கட்டிக்கொண்டு.
ஸ்டீல் அதேதான் மேடம், சப்ளையர்தான் வேற.
நான் அரத்தை எடுத்து நீட்டினேன்.
வெட்டும் முனையில் வைத்து ஒரே இழுப்பு:
கொய்யாப்பழத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.
விழுந்த பொடியை அவர்
டை நுனியால் துடைத்துவிட்டு
மோர் இருக்கிறதா என்று கேட்டார்.
பாவம், இருந்தது.

போன சித்திரையில் ஒரு பெட்டி வந்தது.
கடிதம் இல்லை, விளம்பரம் இல்லை.
தூக்கும்போதே மணிக்கட்டு சொன்னது.
அரம் கிறீச்சிட்டு வழுக்கியது.
எட்டுக் கால், ஆழமாக.
எங்கோ யாரோ ஒருவருக்கு
வெட்கம் வந்திருக்கிறது.

ஆடி வரை அலமாரியிலேயே கிடந்தது.
சத்துவாச்சாரி லைன்மேன் மார்க்கபந்து
கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை.
“இன்னாம்மா, நண்டுக்குக் கட்டைக்கால் வெச்சு அனுப்பிட்டானா?
வேற எதுனா குடு.
கம்பத்து மேல நிக்கிறவன் நானு.”
அவர் பேர் நோட்டில் நாலு தடவை இருக்கிறது.
நான் என்ன சொல்ல?

முதலாளி சாப்பிடப் போன நேரம்
பின்கட்டில் கிரைண்டரைப் போட்டேன்.
பொறி பறந்து கால்கள் போயின, கொடுக்கு போனது,
நல்ல நண்டு ஒன்று ஒரு நிமிஷத்தில்
வெறும் பளபளப்பானது.
சூடு ஆறியதும் தினத்தாளில் சுற்றினேன்.
மறுநாள் அவரிடம்
“பேரில்லாத சரக்குண்ணா,
முப்பது ரூபாய் கம்மி” என்றேன்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தார்.
நோட்டைப் பிரித்துத் தேதியும் எழுதிவிட்டேன்.
அவர் பையிலிருந்து எடுத்தது உடையாமல் இருந்தது.
“இதே மாதிரி இன்னொண்ணு குடும்மா, மச்சானுக்கு.
ஆதி நண்டு மாதிரியே கடிக்குது.
அந்தக் கம்பெனிக்காரனுங்க
இவன்கிட்ட வந்து கத்துக்கணும்.”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.
முப்பது ரூபாய் விஷயமும் கூடவே வந்தது.
அவர் கட்டைவிரல்
அரைத்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தது.
ஒரு கால் சரியாக அழியவில்லை போலிருக்கிறது.

எழுதிய தேதியை அடித்துவிட்டு
பில் புத்தகத்தை எடுத்தேன்.
பொருளின் பேர் என்று ஒரு கட்டம்.
பேனாவை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.