பெரியவர் ஒன்று, பிள்ளைகள் பூச்சியம்

கண்ணாடிக்கு அப்பால் இருந்து ரெட்டோ கேட்கிறான்:
எத்தனை பிள்ளைகள்?
ஐந்து வருடமாய்க் கேட்கிறான்.
பெரியவர் ஒன்று, பிள்ளைகள் பூச்சியம்.
ஆனாலும் ரிக்கெற்றோடு
ஆறு நிறப் பென்சில் பெட்டியொன்றைத் தள்ளிவிடுகிறான்.
வீட்டில் முப்பத்தொன்று சேர்ந்துபோயிற்று.

பீல் நகரத்தில் நவம்பர்.
ஏரியிலிருந்து ஏறிய புகார் யூரா மலையை அழித்துவிட்டது.
பின்னணி வரைகிற ஆள் இன்னும் வேலைக்கு வரவில்லைப் போல.
வெறுந்தாளில் நிடாவ் பஸ் மட்டும்
இரண்டு வெளிச்சத்தோடு வருகிறது.

விடிய ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
முந்நூறு படுக்கை விரிப்பு, முந்நூறும் வெள்ளை.
திங்கள் இரண்டு மணிக்கு
எனக்கு நிறம் வேண்டும்.
அது ஒரு காரணம்.

விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்தபடி
தவமலர் கேட்டாள்:
ஐம்பத்திரண்டு வயதிலை கார்ட்டூனோ?

போன கிழமை ஒரு நத்தை, என்றேன்.
தபால்காரி.
ஒரேயொரு கடிதம், பதினொரு வருட நடை,
எங்களுக்கு எண்பத்தெட்டு நிமிடம்.
வழியில் மழை.
அந்த மழையில் ஒரு துளிகூடத் தானாய் விழவில்லை.
எவரோ மேசையில் குனிந்திருந்து
இது இந்த ஓட்டில் உடையட்டும்,
இது அவள் கொம்பில் தொங்கட்டும் என்று
ஒவ்வொன்றாய் முடிவெடுத்திருக்கிறார்.
இவ்வளவு கவனமாய் என்மேல்
ஒருநாளும் மழை பெய்ததில்லை, தவமலர்.

கரடி சூப்புக் குடிக்கிறது.
ஆவி கிண்ணத்தை விட்டு எழும்பி
ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது.
ஒன்றரை விநாடி. கதைக்கு அது தேவையே இல்லை.
தேவையில்லாததற்கு இப்படிப் பாடுபடுகிறவர்களை
எனக்குப் பிடிக்கும்.

பிறகு, வாய்.
மனிதர் நடித்த படத்தை டொச்சில் பேசவைத்தால்
உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்,
கந்தோர் யன்னலடியில் நான் நிற்பதுபோல.
நத்தையின் வாய்க்கு எதுவும் தாய்மொழி இல்லை.
இரண்டு மணிக்குப் பிரெஞ்சில் அழும்,
நாலரைக்கு டொச்சில் அழும்,
இரண்டும் பொருந்தும்.
பிரெஞ்சில் வில்லன் காகம் மகா மரியாதைக்காரன்.
டொச்சில் அதே காகம் வரிக் கந்தோர்.
எனக்குள் நானே தமிழில் பேசவைக்கும்போது
காகத்துக்கு என் மூத்த மச்சாளின் குரல்.

மலை விளிம்பு தாண்டியும் ஓடுவார்கள்,
கீழே பார்க்கும்வரை விழமாட்டார்கள்.
பிள்ளைகளுக்குச் சிரிப்பு.
எஃப் அட்டையோடு ஒன்பது வருடம்
நான் கீழே பார்க்கவில்லை.

எல்லாம் பொய், செத்ததெல்லாம் கடைசியிலை எழும்பும், என்றாள்.
இல்லை.
ஏரியைப் பாயாய்ச் சுருட்டிக்கொண்டு போன வாத்து
எழும்பவே இல்லை.
அவர் எங்கே என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது.
தாய் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை.
ஓர் இறகை மட்டும் வெகுநேரம் காட்டியது.
நானும் அந்தப் பிள்ளையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாட்டுகள் மட்டும் எனக்கு ஆகாது.
அணில் வாயைத் திறந்தால்
நான் கழிவறைக்குப் போய்விடுவேன்.

இன்று ரெட்டோவிடம், பெரியவர் இரண்டு.
அவன் தலையை நீட்டிப் பார்த்தான்.
பென்சிலும் இரண்டு பெட்டி.

தவமலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு
தொடக்கத்திலேயே நித்திரை.
சூப்பின் ஆவி வந்தது, முழங்கையால் இடித்தேன்,
அசையவில்லை.
மழை முழுவதும் குறட்டை.
அணில் பாடத் தொடங்க
நான் எழும்பினேன், அவளும் எழும்பிவிட்டாள்.
திரும்பி வந்து பார்க்கிறேன்,
தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முடிவில் ஓடுகிற பெயர்களுக்காக நான் இருப்பேன்.
நானூறு, ஐந்நூறு பேர்.
இதில் ஆவியை வரைந்தது எவர் என்று தேடுவேன்,
கூட்டுகிற பெடியன் வந்து
காலைத் தூக்கச் சொல்லும்வரை.

பஸ்ஸில் அவள் பெட்டியைத் திறந்து
பச்சைப் பென்சிலால் யன்னலில் மலை கீறப் பார்த்தாள்.
கண்ணாடியில் பிடிக்கவில்லை.
மூச்சு விட்டு, விரலால் கீறினாள்.
மலை அந்தப் பக்கம் இல்லையடி, என்றேன்.
இருக்கட்டும், என்றாள்.
அணில் பாட்டு வாய்க்குள்,
டொச்சும் இல்லாமல் தமிழும் இல்லாமல்.