சட்டம்

டின் பாலை முந்தின இரவே குளிரில் வைத்துவிட வேண்டும்.
காலையில் கரும்பழுப்புச் சர்க்கரையைக் கொட்டிப்
பதினைந்து நிமிடம் அடிக்க வேண்டும்.
பத்தில் நிறுத்தினால் நடுவில் குழிவிழும்.
நிறுத்தியிருக்கிறேன்,
தொலைபேசியில் அக்கா அழுத அன்று.

முட்டை இல்லை. பழம் இல்லை.
பாலும் சர்க்கரையும் கொஞ்சம் காற்றும்.
அடுப்பிலிருந்து வந்ததும் நடுங்கும்;
ஆறியபின் மேலே ஒரு பிசுக்கு,
தொட்ட விரல்
சற்றுத் தாமதித்தே திரும்பும்.

ஜிப்சி டார்ட் என்று பெயர்.
கண்ணாடிப் பெட்டிக்கு மேலே
முதலாளி ஹாக்பென் சட்டம்போட்டு மாட்டிய கதை:
வேலிக்கு அப்பால் ஜிப்சிப் பிள்ளைகள்,
எலும்பை எண்ணிவிடலாம்.
இந்த ஷெப்பித் தீவின் ஒருத்தி மனமிரங்கி
அலமாரியில் இருந்ததைக் கொண்டு ஆக்கிப் போட்டாள்.
எந்த வருடம், எந்த வேலி,
அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பெயர்?
கதையில் இல்லை.
சுற்றுலா வந்தவர்கள் படித்துவிட்டு
ஒன்றுக்கு இரண்டாய் வாங்குவார்கள்.

ஷீர்னெஸ் கரையிலிருந்து ஒன்றரை மைலில்
போர்க்காலக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது,
வயிறு நிறைய வெடிகுண்டு.
கம்பங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே.
அதைப் பார்த்தபடிதான் டார்ட் தின்கிறோம்.
எதையும் பழகிக்கொள்ளும் ஊர்.

ஸின்ஃபி வெள்ளிக்கிழமைகளில் வருவாள்.
சதுப்புநிலச் சாலையோரம்
அவர்களுடைய ஐந்து கேரவன்கள்.
காதில் பொன்வளையம், காலணியில் சேறு,
கையில் சரியான சில்லறை.
பன் நான்கு, பால் இரண்டு.
டார்ட்டைத் திரும்பியும் பாராள்.

போன வெள்ளி வரிசை நீளம்.
தலைதூக்கிச் சட்டத்தைப் படித்தாள்,
உதடசைய, கடைசி வரி வரைக்கும்.
"அந்தப் பிள்ளைங்க நன்றி சொன்னாங்களா?"

யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்திருப்பேன்.

"ஒண்ணு குடுங்க."
பெட்டியில் வைத்து நீட்டினேன்,
"இன்னிக்குக் காசு வேண்டாம்."
நாக்கைத் தாண்டிய பிறகே காதில் விழுந்தது.
சட்டத்துக்குள் இருந்தவள்
என் வாயால் பேசிவிட்டாள்.

ஸின்ஃபி எண்ணி வைத்தாள்.
இரண்டு பவுண்டு நாற்பது.
ஒவ்வொரு நாணயமும் கண்ணாடிமேல் தனியே ஒலித்தது.
வாசலில் நின்று ஒரு கடி.
முகம் சுருங்கிற்று.
"யப்பா, என்ன தித்திப்பு!
பட்டினி கிடந்த பிள்ளைங்களுக்கா
இதைக் குடுத்தீங்க?"

எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன்.
தின்றுகொண்டே நடந்தாள்,
கடற்சுவர் திருப்பம் வரை,
விரலையும் நக்கிக்கொண்டு.

திங்களன்று ஐந்து கேரவன் கதவுகளிலும்
நகராட்சியின் மஞ்சள் தாள்.
சட்டப்படி, என்று தொடங்குகிறதாம்.
ஹாக்பென் சொன்னார், சர்க்கரை மூட்டையை இறக்கியபடி.
வானிலை சொல்கிற குரல்.

இன்று வெள்ளி.
பதினொன்றாவது நிமிடம், அடித்துக்கொண்டிருக்கிறேன்.
மூடுபனியில் கம்பங்கள் தெரியவில்லை;
அங்கேதான் இருக்கும்.
சட்டத்தைக் கழற்ற ஏணி வேண்டும்.
ஏணி முதலாளியின் கொட்டகையில்.

நான்கு பன்னைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.
வந்தால்
காசு வாங்கிக்கொள்வேன்.