நான்காவது அட்டை

உசிலம்பட்டி ரோட்டில்
சீமைக்கருவேல முள்ளுக்குள் எங்கள் துணைமின் நிலையம்.
காலை ஒன்பதுக்கு பிரேக்கரை இறக்கினேன்.
சுவிட்சைத் திறந்து பூட்டி
சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகையை மாட்டினேன்.
எப்படி மாட்டினாலும் ஒருபக்கம் சாய்ந்தே தொங்கும் அது.

லைன் கிளியர் வாங்கியது நாலு பேர்.
மொக்கச்சாமி, ஒச்சப்பன், ஜெயக்கொடி,
போன மாதம்தான் நிரந்தரமான பவுன்ராஜ்.
பதிவேட்டில் நேரம், கையெழுத்து,
ஆளுக்கொரு சிவப்பு அட்டை.

பவுன்ராஜ்
ரப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி
காற்றை விரல்களுக்குள் தள்ளி
காதோரம் வைத்துக் கேட்டான்.
கட்டைவிரல் லேசாக மூச்சுவிட்டது.
"வேற குடுங்க மேடம்."
அலமாரியில் இருந்த ஒரே புது ஜோடி
தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக இருந்தது.
கவரைக் கிழித்துக் கொடுத்தேன்.

மாலை ஐந்து.
மேசையில் மூன்று அட்டைகள்
வியர்வையில் ஓரம் சுருண்டு.

செக்கானூரணி கல்யாண மண்டபம்:
பொண்ணழைப்பும்மா, எப்ப வரும்?
ஐஸ் கம்பெனி: எப்ப வரும்?
மாவு மில்: ஊறப்போட்ட அரிசி புளிக்குது தாயி, எப்ப வரும்?
பெயர் சொல்லாத ஒருவர்
நான் யாருன்னு தெரியுமா என்று
மூன்று முறை கேட்டார். தெரியவில்லை.

எனக்கும் அதே கேள்விதான்
விகுதி மட்டும் வேறு.
எப்ப வருவான்?

அவன் போன் அணைந்திருந்தது.

"அவன் அப்பவே எறங்கிட்டான் மேடம், நானே பாத்தேன்.
வேணும்னா அவனுக்கும் சேத்து நான் போடுறேன் கையெழுத்து"
என்றான் ஒச்சப்பன்.
பொய் சொல்லத் தெரியாத மனுசன்.
இறங்கியதைப் பார்த்திருப்பான்.
இறங்கினவன் மறுபடி ஏறினால்
அதையும் பார்த்திருப்பானா?

இதற்கு முந்தைய பதிவேட்டில்
அறுபதாம் பக்கத்துக்கு அடுத்தது அறுபத்து மூன்று.
நடுவில் ஒரு தாள் கோர்ட்டுக்குப் போனது
திரும்பவில்லை.
அதில் தங்கமாயன் பெயருக்கு நேரே
இன்னொருவர் கையெழுத்து இருந்ததாம்.
நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது.
கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.
பைண்டிங் நூல் மட்டும் கெட்டியாக இருக்கிறது.

ஐந்து இருபது.
ஐந்து நாற்பது.
ஏ.இ. கூப்பிட்டார்: "ஏம்மா, ஒரு ஆளுக்காகவா?"
"ஆமா சார்."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.
"சரி" என்று வைத்துவிட்டார்.

கார்த்திகை மாதம், சீக்கிரமே இருட்டியது.
பதினாறு ஊரும் என்னைத் திட்டுவது
ஜன்னல் வழியாகக் கேட்பதுபோல் இருந்தது.
டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, எடுத்துப்போட்டுக் குடித்தேன்.

ஆறு பத்துக்கு ஒரு மொபெட் சத்தம்.
முழங்காலுக்கு மேல் சேறு.
கடைசிக் கம்பத்தில் எர்த் ராடைக் கழற்ற மறந்து
பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனானாம்.
கண்மாய்த் தண்ணி பாய்ந்த வயல், வண்டி போகவில்லை.
"எத்தனை மணிக்குடா ஏறின?"
"தெரியல மேடம், போன் செத்துப்போச்சு.
பொண்ணழைப்பு மேளம் கேட்டுச்சு, அப்ப
மேலதான் இருந்தேன்."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
ராடோடு லைனை ஏற்றியிருந்தால் என்று ஆரம்பித்து
அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டான்.
நான்காவது அட்டை நனைந்து
மேசையில் ஒட்டிக்கொண்டது.
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்த
சாவியைத் தேடி எடுத்துப் போய்
பலகையைக் கழற்றி, பூட்டைத் திறந்து
சுவிட்சைப் போட்டு, பிரேக்கரை ஏற்றினேன்.
மேற்கே மண்டபத்துச் சீரியல் பல்புகள்
மணமக்கள் பெயரை எழுதி எழுதி அழித்தன.
போன் ஒன்றும் வரவில்லை.
வந்துவிட்டதென்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.

பவுன்ராஜ் குழாயடியில் கையுறையைக் கழுவி
ஜன்னல் கம்பியில் காயப்போட்டான்.
பத்து விரலும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.
தணிக்கைக்காரர்கள் கேட்டால்
சொல்லிக்கொள்ளலாம்.