ஏழாவது தாள்

எனக்கு அந்த விளையாட்டு
முதுகால்தான் ஞாபகம்.

சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள்.
கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு குழம்புக் கரண்டி.
டேப் ரெக்கார்டர் இருந்தது, கரண்ட் இல்லை.
காட்பாடியில் அந்த டிசம்பரில்
ஆறரைக்குப் போனால் எட்டுக்குத்தான் வரும்.
"நீ அடி. தோணுறப்ப நிறுத்து.
திரும்பிப் பார்த்தே, தோலை உரிச்சிடுவேன்"
என்றாள் ரோஸ்லின்.
அவளுக்கு வயது பதினொன்று.

பொட்டலத்தை அம்மா மத்தியானமே கட்டிவிட்டாள்.
பதினான்கு தினத்தாள்கள், தாளுக்கொரு சீட்டு:
கழுதை மாதிரிக் கத்து.
ஒற்றைக் காலில் நின்று பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்.
பக்கத்தில் இருப்பவர் மூக்கைக் கடி.
நடுவில் அரைக் கிலோ ஆற்காட்டு மக்கன் பேடா,
ஜீராவோடு.

ஜீரா என்ன செய்யும் என்று அம்மா யோசிக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் பதினேழு பேர்.
சணல் அறுபடும் சத்தம்.
ஸ்டான்லி பெரியப்பா கழுதையாகக் கத்த
மூன்றாம் வீட்டு நாய் பதில் சொன்னது.
பிரின்ஸ் யார் மூக்கையோ நிஜமாகவே கடித்துவிட்டான்.
யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள்,
பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போனபோது இரண்டும் கேட்கவில்லை,
நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன்.
மெழுகுவத்தி ஒன்று சாய்ந்து அணைந்தது.
"ரெண்டு தாளைச் சேர்த்துக் கிழிச்சிட்டான்!"
"கள்ளாட்டம்! கள்ளாட்டம்!"
"ஐயோ, பிசுபிசுங்குது, என்னது இது?"

ஏழாவது தாளில் இருந்தது எனக்குத் தெரியும்.
கட்டும்போது முடிச்சுக்கு விரல் கொடுத்தவள் நான்.
"இங்கே இருக்கும் ஒருவரிடம் மன்னிப்புக் கேள்."
மற்ற சீட்டையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள்.
இதை எழுதி, மடித்து, பிரித்து,
மறுபடி மடித்தாள்.

காந்தி நகர் மனைக்காக
அப்பாவும் பெரியப்பாவும் பேசி மூன்று வருடம்.
சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட
பிள்ளைகள் வழியாகத்தான் போகும், வரும்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும்.
எவர்சில்வர் தட்டில் தெரியும்.
முகமெல்லாம் தெரியாது.
அடிக்க அடிக்க உடையும்,
கரண்டி எழும்புகிற நேரத்தில் ஒட்டிக்கொள்ளும்.
அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரியும்,
அதன் மேல் கறுப்பாக ஒரு கட்டி வந்து நின்றால்
அதுவும்.

ஐந்து முறை சும்மா நிறுத்தினேன்.
கள்ளாட்டத்தில் போன தாளையும் எண்ணிக்கொண்டேன்.

வந்தது. நிறுத்தினேன்.
அப்பா, சூடான சட்டியைத் தொட்டவர் போல,
நிறுத்திய பிறகு
எறிந்தார்.

கிளாடிஸ் அத்தை மடியில் விழுந்தது.
நைட் டியூட்டிக்குக் கிளம்பி, வெள்ளைப் புடவையில்,
வாசலோரம் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
அவள் விளையாட்டிலேயே இல்லை.

சீட்டை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தாள்.
எழுந்து நின்றாள்.
"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எதற்கு என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.
நான் மறுபடி தட்ட மறந்துபோனேன்.

அப்புறம் கரண்ட் வந்தது.
டேப் ரெக்கார்டர் விட்ட இடத்திலிருந்து அலறியது.
மிச்சத் தாள்களைப் பிள்ளைகள் நாங்கள்
ஒரே பாய்ச்சலில் கிழித்தோம்.
மக்கன் பேடா நசுங்கிக் கூழ்.
ஈரத் தாளின் செய்திகள் உள்ளங்கையில்
இடம் வலம் மாறி ஒட்டியிருந்தன.
என் கையில் பாலாற்று மணல் லாரி ஒன்று.
நக்கிவிட்டேன்.
புடவையில் ஜீராக் கறையோடு
அத்தை எட்டரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

போன மாதம் கேட்டேன்.
எழுபத்தொரு வயது இப்போது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"சீட்டுல எழுதியிருந்துச்சு, கேட்டேன்.
விளையாட்டுன்னா அப்படித்தானே?"
கொஞ்சம் பொறுத்து,
"நீ நல்லாத்தான் அடிச்சே. தாளம்தான் தப்பு."

தட்டில் தெரிந்ததை
அவளிடமும் நான் சொல்லவில்லை.