கடைசி வண்டியில் மீசை

எனக்குக் கிடைத்தது சூப்பர்வைசர் வேடம்.
உயரம்தான் காரணம் என்றாள் ஜெனோவா.
பொய்.
அண்டியாபீசில் பத்தொன்பது வருஷமாய்
சார் முதுகைத் திருப்பியதும்
அவரைப் போலவே நடந்து காட்டியது நான்தான்.

எழுதிவைத்த நாடகம் இல்லை.
கருங்கல் தையல் பள்ளி மாடிக்கு
ஞாயிறு ஆராதனை முடிந்து
ஒவ்வொருத்தியாய் ஏறுவோம்.
"நேத்தைக்கு என்ன நடந்துது, சொல்லு" என்பாள்.
சொல்லத் தொடங்கினால்
"சொல்லாத, செய்" என்பாள்.
மூத்திரம் போக இரண்டு நிமிஷம் கேட்டு
லில்லிபுஷ்பம் கை தூக்கி நிற்கும் காட்சி
அப்படி வந்ததுதான்.
பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கனக்கும்வரை நிற்கணும்.
முப்பது எண்ணுவதற்குள்
நாங்களே சிரித்துவிடுவோம்.

ரெத்தினபாய் ரோஸ் பவுடர் வாங்கி வந்தாள்.
முகத்தில் பிடித்தது, கையில் பிடிக்கவில்லை.
அண்டிச்சாறு தின்ற விரலில் எது ஒட்டும்?
"கையில ஒண்ணும் பூசாண்டாம்,
லைட்டே அங்கதான் அடிக்கப் போறேன்."

என் வீட்டுக்காரர் சட்டையைத் தேய்த்துத் தந்தார்.
காலர் அழுக்காகக் கூடாது என்றார்.
விடியுமுன் ரப்பர் வெட்டப் போகணும்,
பார்க்க வரவில்லை.

படிப்பக ஆண்டுவிழா.
பரிசளிப்புக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே
நாற்பது நிமிஷம் தந்தார்கள்.
சந்தையில் காசு கொடுத்து அண்டி வாங்கியிருந்தோம்,
வாழ்க்கையில் முதல் தடவையாக.
பதினொரு பேர், பதினொரு கட்டை.
மைக்கைத் தரையோரம் இறக்கிவிட்டாள் ஜெனோவா.
தல்லத் தொடங்கினோம்.
வேறு எந்தச் சத்தமும் இல்லை, வெகுநேரம்.

முன்வரிசையில் சார் இருந்தார்.
பக்கத்தில் அவர் சம்சாரம், பச்சைப் பட்டு.
எனக்கு முழங்கால் ஆடியது.
கையைப் பின்னால் கட்டி வந்து
ஒரு இருமல் இருமி
"பேச்சா, வேலையா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.
அந்த அம்மா சிரித்தாள்,
தனியாக, வாயைப் பொத்தாமல்.
சாருக்கு இருமல் வந்தது.
அதே இருமல்.
அப்புறம் கூரை பிய்ந்துவிடும்போல இருந்தது.

அதில் எனக்கு அடுத்த வரி மறந்துபோனது.
லில்லிபுஷ்பம் கையைத் தூக்கிவிட்டாள்.
"போ" என்று நான் சொல்லணும்.
சொல் வரவில்லை.
அவள் நிற்கிறாள்.
முப்பது, அறுபது, தெரியாது,
தோள் நடுங்குகிறது,
கரி பிடித்த உள்ளங்கையில்
விளக்கு வெள்ளையாய் விழுகிறது.
பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கத்தினாள்:
"அவளப் போவ விடும் ஓய்!"
இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே.

அது மறதிதான் என்று
இன்றுவரை ஜெனோவா நம்பவில்லை.

மேடைக்குப் பின்னால் அந்த அம்மா வந்தாள்.
நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"எங்க வச்சுப் பழகுதிய?"
தையல் பள்ளி மாடியில.
"படிக்குக் கைப்பிடி உண்டா? எனக்கு முட்டுவலி."
இல்லை என்றோம்.
நின்றாள். கீழே தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.
"நாங்க பிடிச்சு ஏத்துதோம்" என்றாள் ரெத்தினபாய்,
பிறகு எங்கள் பக்கம் திரும்பி
திங்கட்கிழமை என்ன ஆகும் என்று கேட்டாள்.
பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.
மிச்ச அண்டியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம்.

மார்த்தாண்டம் கடைசி வண்டி.
எந்தப் பசையோ, மீசை வரமாட்டேன் என்றது.
வேட்டி, சட்டை, மீசை,
காதில் கம்மல்.
கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.
மகளிர் சீட்டுக்கும் காசுச் சீட்டுக்கும் நடுவில்
அவர் விரல் நின்றுவிட்டது.
பின்சீட்டில் லில்லிபுஷ்பம்
மெல்லக் கையைத் தூக்கினாள்.
வண்டியே திரும்பிப் பார்த்தது.

நான் கையைப் பின்னால் கட்டி
ஒரு இருமல் இருமினேன்.