குழாய் எண் 17

கெளுகோர், இரவு எட்டரை.
மையவிலக்கி சுற்றி ஓய்ந்தது.
மேலே மிதந்த கொழுப்பை வழித்தேன்.
அமிலம் சொட்டியதும்
கேசின் திரிந்து அடியில் உட்கார்ந்தது.
மிச்சம்,
அரிசி களைந்த நீர்போல் ஏதோ.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் பால்.
பாயான் லெப்பாஸில் சிப்புகளுக்குச்
சாலிடர் வைக்கும் தவமலர்
ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்பியது.
பின்னாலேயே குறுஞ்செய்தி:
"மிஸ், என் பால் தண்ணியா இருக்குன்னு
மாமியார் மாவுப்பால் வாங்கிட்டாங்க.
நெசமாவா?"

அந்தத் தண்ணீரில்தான்
இரும்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன்.
மெல்லச் சிவந்தது,
பழுக்கத் தொடங்கும் ஜம்புவின் தோலாய்.
லாக்டோஃபெரின்.
இரண்டு கை, கைக்கு ஓர் இரும்பணு;
பிடித்தால் லேசில் விடாது.
கிருமிக்குப் பட்டினி.

(எனக்கே ஹீமோகுளோபின் ஒன்பதுதான்.
மாத்திரை கைப்பையில் மறந்து கிடக்கிறது.)

ஒப்புதல் படிவம், ஆறாம் பிரிவு:
தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்பட மாட்டா.

"நெசமில்லை" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"கிடைத்தது, நன்றி" என்று அனுப்பினேன்.

பேருந்து நிறுத்தத்தில் மழை.
கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு
மறுபடி:
"யார் பாலும் நூற்றுக்கு எண்பத்தேழு
தண்ணிதான் மா."

இது முடிவல்ல,
பாடப்புத்தகம்.
ஆறாம் பிரிவு
என்னை ஒன்றும் செய்யாது.